ஓரிரு இடங்களில்

ஏப்ரல் வந்துவிட்டால் ஓசூரில் ஒரே கேள்விதான். சிப்காட் வாசலில் முதல் ஷிப்ட் முடித்து வெளியே வருகிறவர் கேட்பார், பாகலூர் பக்கம் குடைமிளகாய் போட்டவர் கேட்பார், பூ மார்க்கெட்டில் ரோஜாக் கட்டு எண்ணுகிறவரும் கேட்பார்: "இன்னைக்கு மழை வருமா?" வானிலை பார்ப்பவன் என்று ஒருமுறை பேர் எடுத்துவிட்டால் இந்தக் கேள்வி விடாது. விட வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை. கேட்பவர் எதிர்பார்ப்பது ஒரு வார்த்தை: வரும், இல்லை வராது. இந்த ஊர்க் கோடை மழைக்கு அந்த ஒரு வார்த்தை ஏன் கிடைப்பதில்லை என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பேசலாம். டீ சொல்லியிருக்கிறேன், உட்காருங்கள்.

ஆர்வலர்களின் கோடை நாள் காலையிலேயே ஆரம்பித்துவிடும். ஐரோப்பிய வானிலை மாடல் மாலை ஆறு மணிக்கு ஓசூர்மேல் பச்சையும் மஞ்சளுமாகக் காட்டும். அமெரிக்க மாடலைத் திறந்தால் அதே இடம் வெறுமையாக இருக்கும். பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்தால் மனசுக்குள் ஒரு சந்தோஷம். தரை சூடேறினால்தானே மேகம் எழும். மூன்று மணிக்குக் கிழக்கே வேப்பனப்பள்ளி மலைகளுக்குப் பின்னால் வெள்ளை மேகம் திரளும். நான்கரைக்கு உறுமும். ஐந்து மணிக்கு ஜில்லென்று காற்று, புழுதி, எங்கோ நனைந்த மண்ணின் வாசம். மொட்டை மாடித் துணியெல்லாம் உள்ளே வந்திருக்கும். ஐந்தரைக்கு வானம் வெளுத்து வெயில் திரும்ப அடிக்கும். ஏழு மணிக்குச் சூளகிரியிலிருந்து போன் வரும்: அரை மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டது, ஆலங்கட்டியும் விழுந்தது என்று. சூளகிரி இருப்பது இருபத்தைந்து கிலோமீட்டரில்.

போர்வெல்லில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிற கோடையில் இந்த ஏமாற்றம் பொழுதுபோக்குக்காரர்களின் ஏமாற்றமாக மட்டும் இருப்பதில்லை. அதனால்தான் இதை விளக்குவது முக்கியம் என்று நினைக்கிறேன்.

முதலில் நாம் இருக்கும் இடத்தைப் பாருங்கள். கிருஷ்ணகிரி நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 500 மீட்டர். அங்கிருந்து தேசிய நெடுஞ்சாலை 44 மேலுமலை, சூளகிரி என்று ஏறி ஓசூருக்கு வரும்போது 900 மீட்டர் பக்கம் வந்துவிடுகிறது. மைசூர் பீடபூமியின் கிழக்கு ஓரம் இது. வங்காள விரிகுடாவிலிருந்து கிளம்பும் ஈரக்காற்று சமவெளியைத் தாண்டி வந்து இந்த ஏற்றத்தில் மேலே எழும்புகிறது. மேற்கிலிருந்து வரும் காற்று கர்நாடகத்தின் வெயிலைக் கடந்து வருவதால் காய்ந்துபோயிருக்கும். இரண்டும் சந்திக்கும் கோடு கோடை மாதங்களில் விதர்பாவிலிருந்து உள் கர்நாடகம் வழியாகத் தென் தமிழகம் வரைக்கும் நீண்டு கிடப்பது வழக்கம். வானிலைத் துறையின் தினசரி அறிக்கையில் இதைப் பார்க்கலாம். கடல் மட்டத்துக்கு மேல் 0.9 கிலோமீட்டர் உயரத்தில் என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள். சென்னைக்காரருக்கு அந்த உயரம் தலைக்கு மேலே வானத்தில் இருக்கிறது. ஓசூருக்கு அதுதான் தரை. அந்தக் கோடு நம் வயல்மேலேயே, நம் ஆலைக் கூரைமேலேயே படுத்திருக்கிறது. இங்கே கோடை இடிமழை இவ்வளவு உக்கிரமாக இருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம்.

அந்தக் கோடு ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதுதான் சிக்கல். ஒரு நாள் கோலார் பக்கம் இருக்கும், மறுநாள் தர்மபுரி பக்கம். முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போனால் போதும், ஓசூர் காய்ந்து தேன்கனிக்கோட்டை நனையும். மாநில வரைபடத்தில் அந்த முப்பது கிலோமீட்டர் ஒரு விரல் நுனி.

சரி, கோடு இருக்கும் இடம் சரியாகத் தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது சொல்லிவிடலாமா? அதோ அடுப்பில் பால் காய்கிறது, பாருங்கள். இன்னும் சற்று நேரத்தில் பொங்கும் என்று மாஸ்டருக்குத் தெரியும். எந்த இடத்தில் முதல் கொப்புளம் எழும் என்று அவராலும் சொல்ல முடியாது. வெப்பச்சலன மழையும் அப்படித்தான். சூடான தரைக்காற்று மேலே ஏறப் பார்க்கும். ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் பல நாட்களில் ஒரு வெப்பமான காற்றடுக்கு அதை அமுக்கிவைத்திருக்கும். எங்கே அந்த அடுக்கு கொஞ்சம் பலவீனமோ, எங்கே ஒரு குன்று காற்றை இன்னும் சற்று மேலே தள்ளுகிறதோ, எங்கே ஏரி ஈரம் கூடுதலோ, அங்கே பிய்த்துக்கொண்டு மேலே போகும். போனால் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கும் போகும். ஆனால் அந்த மேகத்தின் அகலம் ஐந்து, பத்து கிலோமீட்டர்தான். தனி மேகம் ஒன்றின் ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இப்போது இதைக் கணிக்க வேண்டிய கணினி மாடலைப் பாருங்கள். உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, ஈரம், வெப்பம் எல்லாவற்றையும் கணக்குப் போடும். ஐரோப்பிய வானிலை மையத்தின் மாடலுக்குக் கட்டம் 9 கிலோமீட்டர். இந்திய வானிலைத் துறை 12 கிலோமீட்டர் கட்டத்தை வைத்திருந்தது. 2025 மே மாதம் பாரத் முன்னறிவிப்பு அமைப்பு வந்து அதை 6 கிலோமீட்டராகக் குறைத்தது. இது பெரிய முன்னேற்றம், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் ஒரு பொருளைத் தெளிவாகக் காட்ட ஒரு கட்டம் போதாது, பல கட்டங்கள் வேண்டும். ஆறு கிலோமீட்டர் கட்டத்துக்குள் ஆறு கிலோமீட்டர் மேகத்தின் பிறப்பையும் சாவையும் பிடித்துவிட முடியாது. மாடல் வரைபடத்தில் ஓசூர்மேல் ஒரு பச்சைப் புள்ளி இருந்தால், இந்த வட்டாரத்தில் இன்று இடிமேகம் எழத் தோதான காற்று இருக்கிறது என்று மட்டும் படிக்க வேண்டும். அந்தப் புள்ளியைப் படம் பிடித்து "ஓசூரில் இன்று மாலை கனமழை" என்று பகிர்கிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. அடுத்த முறை மாடல் புதிதாக ஓடும்போது புள்ளி ராயக்கோட்டைக்குப் போயிருக்கும். படம் மட்டும் இரவு வரைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும்.

வானிலை மையத்தின் அறிக்கை இதைவிட நேர்மையானது, ஆனால் நாம் அதை முழுசாகப் படிப்பதில்லை. "கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை பெய்யக்கூடும்." இதை டிவியில் கேட்டவுடன் நம் காது 'கிருஷ்ணகிரி'யையும் 'மழை'யையும் எடுத்துக்கொண்டு நடுவில் உள்ளதை விட்டுவிடுகிறது. அந்த நடுப்பகுதிக்குத் துறையில் கணக்கு இருக்கிறது. ஓரிரு இடங்களில் என்றால், அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் அதிகபட்சம் கால் பங்கில் மழை பதிவாகலாம். மீதி முக்கால் பங்கு காய்ந்தே கிடக்கலாம். 26 முதல் 50 சதவீத நிலையங்கள் என்றால் அதற்கு வேறு சொல், அதற்கு மேலே போகப்போக வேறு சொற்கள். ஆக, ஓரிரு இடம் என்று சொன்ன நாளில் சூளகிரியில் பெய்து ஓசூரில் பெய்யாவிட்டால் முன்னறிவிப்பு பலித்தது என்றுதான் பொருள். ஓசூரில் காத்திருந்தவருக்கு அது ஆறுதல் இல்லை, எனக்குப் புரிகிறது. ஆனால் கோபப்பட வேண்டிய இடம் எது, பட வேண்டாத இடம் எது என்று பிரித்துக்கொள்ள உதவும்.

இந்தத் தவிப்பு நமக்கு மட்டும் வாய்த்தது என்று நினைக்க வேண்டாம். பனி விழும் ஊர்களில் உள்ளவர்கள் இன்னும் அதிகமாகத் தவிக்கிறார்கள். 2024 ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க் பனியே இல்லாமல் பழுப்பாகக் கிடந்தது. பனிச்சறுக்குக்காக வந்தவர்கள் புல்தரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அதைவிட நமக்குப் பாடமான கதை 2015 ஜனவரி 26, 27 தேதிகளில் நியூயார்க்கில் நடந்தது. சரித்திரம் காணாத பனிப்புயல் வருகிறது, அறுபது செ.மீ. வரை பனி குவியலாம் என்றார்கள். சுரங்க ரயிலையே நிறுத்திவைத்தார்கள். விடிந்து பார்த்தால் நகரின் சென்ட்ரல் பூங்காவில் 25 செ.மீ.தான். புயல் வராமல் போகவில்லை. கொஞ்சம் கிழக்கே தள்ளிப் போயிருந்தது, அவ்வளவே. கிழக்கே லாங் ஐலண்டில் உள்ள ஐஸ்லிப்பில் 60 செ.மீ.க்கு மேல் கொட்டியிருந்தது. அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் கேரி ஸட்கோவ்ஸ்கி அன்று பொதுமக்களிடம் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். அத்தனை ரேடார், அத்தனை கணினி வைத்திருப்பவர்களுக்கே இந்த நிலை. அதுவும் பனிப்புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம் உள்ளது, நாட்கணக்கில் வாழ்வது. நம்முடையதோ ஆறு கிலோமீட்டர் மேகம்.

நம் பக்கத்திலும் அப்படித் தவிக்கவைத்த ஒரு கோடை வந்தது. 2024 ஏப்ரல். முந்தைய ஆண்டு எல் நினோ. பருவமழை சரியாக இல்லை. பெங்களூரு அந்தக் கோடையில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடியதை எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்து நாமும் பார்த்தோம். ஏப்ரலில் மாம்பழ மழை வர வேண்டும். மாடல்கள் அவ்வப்போது நம்பிக்கை காட்டின. ஒரு வாரம் கழித்து வரும் என்று காட்டும்; அந்த வாரம் நெருங்கினால் மேலும் ஒரு வாரம் தள்ளும். கடைசியில் பெங்களூரு நகர வானிலை நிலையத்தில் அந்த ஏப்ரல் முழுக்க மழையே பதிவாகவில்லை. 1983க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. மே முதல் வாரத்தில்தான் வானம் திறந்தது. திறந்ததும் என்ன ஆனது? ஜூன் 2 அன்று ஒரே நாளில் 111.1 மி.மீ. பெய்து, ஜூன் மாத ஒரு நாள் மழையில் 1891இல் இருந்த சாதனையை முறியடித்தது. ஏப்ரலில் "இனிமேல் மழையே இல்லை" என்று சொன்னவரும் ஜூனில் மௌனமானார், "வந்தே தீரும்" என்று ஏப்ரலில் நாள் குறித்தவரும் மௌனமானார்.

பெங்களூரில் பெருமழை பெய்தால் நமக்கு வேறொரு வழியிலும் தெரிந்துவிடும். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை நகரத்தின் கழிவையும் சேர்த்துக்கொண்டு வந்து கெலவரப்பள்ளி அணையில் நுரை நுரையாய்ப் பொங்கும். மழைச் செய்தியை நதி இப்படிக் கொண்டுவந்து சேர்ப்பது ஓசூரின் பெரிய துயரம். அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

ஐந்து மணிக்கு வந்த அந்த ஜில் காற்றுக்கு வருவோம். ஆர்வலர்களை அதிகம் ஏமாற்றுவது அதுதான், அதனால் அதற்கு இன்னொரு டீ செலவழிக்கலாம். மேகத்துக்குள்ளிருந்து மழையும் ஆலங்கட்டியும் விழும்போது கூடவே குளிர்ந்த காற்றும் கீழே இறங்குகிறது. தரையில் மோதி நாலாபக்கமும் பரவுகிறது. இருபது, முப்பது கிலோமீட்டர் தூரத்துக்கும் பரவும். நாம் உணர்வது அந்தக் காற்றை. மழை வருவதற்கான கட்டியம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது வேறு ஊரில் பெய்த மழையின் மிச்சம். இதற்கு மேல் நடப்பது இரண்டில் ஒன்று. நம் ஊர்க் காற்று இன்னும் சூடாகவும் ஈரமாகவும் இருந்தால், பரவி வரும் குளிர்காற்று அதன் அடியில் புகுந்து மேலே தூக்கும். அரை மணியில் நம் தலைக்கு மேலேயே புது மேகம் பிறக்கும். நம் ஊரில் மதியமே மேகம் மூடி வெயில் குறைந்திருந்தால், குளிர்காற்று தரையில் படிந்து, இருந்த கொஞ்ச வாய்ப்பையும் அணைத்துவிடும். பெங்களூரின் ஆனேக்கல் பக்கம் எழும் ஒரே இடிமேகம் ஒரு நாள் ஓசூருக்கு மழை கொண்டுவருவதும், மறுநாள் அதே நேரத்தில் எழுந்து ஓசூரின் மழையைக் கெடுப்பதும் இப்படித்தான். காலை மாடலுக்கு இது தெரிய வழியில்லை. நான்கு மணிக்கு எந்த மேகம் எங்கே பெய்தது என்று தெரிந்தால்தான் ஆறு மணிக்கு என்ன நடக்கும் என்று ஓரளவு சொல்ல முடியும்.

நான்கு மணி மேகத்தைப் பார்க்க ரேடார் வேண்டும். இங்கே நமக்கு ஒரு குறை இருக்கிறது. சென்னைத் துறைமுகப் பக்கத்து டாப்ளர் ரேடார் 2002இலிருந்து வேலை செய்கிறது, நல்ல ரேடார். ஆனால் ஓசூர் அதிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 270 கிலோமீட்டர். ரேடாரின் கற்றை நேராகப் போகிறது, பூமி வளைந்துகொண்டே போகிறது. கற்றையைக் கொஞ்சம் மேல்நோக்கித்தான் அனுப்பவும் முடியும். கணக்குப் போட்டால், ஓசூரை எட்டும்போது அந்தக் கற்றை கடல் மட்டத்துக்கு மேல் ஐந்து, ஆறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். உயர்ந்த இடிமேகத்தின் தலை தெரியும். அதன் வயிற்றுக்குக் கீழே என்ன விழுகிறது என்று தெரியாது. அப்போதுதான் பிறக்கும் மேகம் அந்த உயரத்தை எட்டியிருக்காது, அதனால் அதுவும் தெரியாது. பெங்களூருக்குத் தனி ரேடார் வேண்டும் என்பது அங்குள்ளவர்களின் பல ஆண்டுப் பேச்சு. தமிழ்நாடு அரசு ஏற்காட்டிலும் ராமநாதபுரத்திலும் ரேடார் அமைக்கும் திட்டத்தை அறிவித்தது. ஏற்காடு ஓசூரிலிருந்து நேர்க்கோட்டில் 115 கிலோமீட்டர் பக்கம். அங்கிருந்து பார்த்தால் மூன்று கிலோமீட்டர் உயரத்திலேயே நம் மேகம் சிக்கும். ஓசூர், கிருஷ்ணகிரி மக்கள் விடாமல் கேட்டு வாங்க வேண்டிய வசதி இது என்று உறுதியாகச் சொல்வேன். இங்கே இத்தனை தொழிற்சாலைகள், இத்தனை தோட்டங்கள், வெட்டவெளியில் வேலை செய்யும் இத்தனை பேர்.

எல்லையில் இருப்பதால் வரும் குழப்பமும் ஒன்று உண்டு. ஓசூருக்கான எச்சரிக்கை நுங்கம்பாக்கத்து மையத்திலிருந்து வருகிறது. ஜூஜுவாடி சோதனைச் சாவடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் எச்சரிக்கை பெங்களூரு மையத்திலிருந்து. மேகத்துக்கு எல்லை கிடையாது. மஞ்சள், ஆரஞ்சு நிறங்களுக்கு உண்டு. பெங்களூரு நகர்ப்புறத்துக்கு ஆரஞ்சும் கிருஷ்ணகிரிக்கு வெறும் மஞ்சளும் வந்தால் ஓசூர்க்காரர் எதை எடுத்துக்கொள்வது? இரண்டையும் பாருங்கள் என்பதுதான் என் பதில். கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வரைக்கும் இறங்கிப் போகிறது, ஓசூரின் வானமோ பாதிக்கு மேல் பெங்களூரோடு சேர்ந்தது. மழை அளப்பதில் கர்நாடகம் ஒரு படி முன்னால் இருக்கிறது. அந்த மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் கிராமப் பஞ்சாயத்து அளவில் ஆயிரக்கணக்கான தானியங்கி மழைமானிகளை வைத்திருக்கிறது. ஆனேக்கல், சர்ஜாபூரில் எவ்வளவு பெய்தது என்பது சுடச்சுடத் தெரிந்துவிடும். தமிழ்நாட்டிலும் தானியங்கி மழைமானிகள் கூடிவருகின்றன, டிஎன்-ஸ்மார்ட் செயலியும் இருக்கிறது. இன்னும் நெருக்கமாக வேண்டும்.

ஆலங்கட்டியைப் பற்றிச் சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது. குழந்தைகள் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வார்கள்; மாந்தோப்புக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். ஓசூர் சந்தையில் ஆலங்கட்டி, கன்னட ஆலிகல்லு, தெலுங்கு வடகள்ளு மூன்றும் கேட்கும், பயம் ஒன்றுதான். மேகத்துக்குள் ஏறும் காற்று, உறைநிலைக்குக் கீழே போயும் உறையாத நீர்த்துளிகளைச் சேர்த்துச் சேர்த்துக் கல்லாக்குகிறது. மூன்று, நான்கு செ.மீ. கல்லைத் தாங்கிப் பிடிக்க அந்தக் காற்று மிகுந்த வேகத்தில் மேல்நோக்கி வீச வேண்டும். தாங்க முடியாதபோது கல் விழுகிறது. நம் கோடையில் வானத்தில் உறைநிலை உயரம் சுமார் ஐந்து கிலோமீட்டர். சென்னையில் கல் அந்த ஐந்து கிலோமீட்டர் வெக்கையையும் கடந்து தரைக்கு வருவதற்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். ஓசூர் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் மேலே இருப்பதால் பயணம் அந்த அளவுக்குச் சுருங்குகிறது. கரையாமல் மிஞ்சும் கல் அதிகம். ஒரு டிகிரி வெப்பம் மாறினால் பனியா மழையா என்பதே மாறிவிடும் பனி ஊர்களின் கதைதான் இங்கே கல்லா மழையா என்று வேறு வடிவில் நடக்கிறது.

கிருஷ்ணகிரியில் பெங்களூரா மாங்காய் காயாக நிற்கும் நேரமும் ஆலங்கட்டிப் பருவமும் ஒன்றாக வருகின்றன. கல் பட்ட காயில் கருப்புத் தழும்பு விழும், சில நாளில் அழுகும். உதிர்ந்த பிஞ்சுக்குக் கூழ் ஆலையில் விலை இல்லை. ரோஜாப் பசுமைக்குடிலின் பாலித்தீன் கூரையைக் கல்லைவிடக் கூடவரும் காற்று அதிகம் கிழிக்கும். உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் பக்கம் 1888 ஏப்ரல் 30 அன்று விழுந்த ஆலங்கட்டியில் 246 பேர் இறந்தார்கள்; ஆலங்கட்டியால் உலகத்தில் அதிக உயிரிழப்பு என்று உலக வானிலை அமைப்பு குறித்துவைத்திருப்பது அந்த நாளைத்தான். இத்தனை சேதம் செய்வதைப் பதிவுசெய்ய நம்மிடம் கருவி கிடையாது. மழைமானியில் கல் விழுந்தால் உருகித் தண்ணீராக அளக்கப்படும், அல்லது தெறித்து வெளியே போய்விடும். பேரிகையில் எந்த மாதம் எத்தனை முறை கல் விழுந்தது என்று யாராவது பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

பெரிய அமைப்பு வரும்போது நிலைமை வேறு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. நாட்கணக்கில் எல்லோரும் கடற்கரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வலுவிழந்தபின் அது மெல்ல உள்ளே நகர்ந்து, டிசம்பர் 2 காலை முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. அந்த ஊரின் ஓர் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில். பேருந்து நிலையம் பக்கம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டு போனதைத் தமிழ்நாடே பார்த்தது. அன்று அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறக்க வேண்டிவந்தது. கடலே இல்லாத மாவட்டத்தில் ஒரு புயலின் பெருமழை. புயல் வரும், மழை பெய்யும் என்று எல்லோரும் முன்கூட்டியே சொன்னார்கள். எந்தத் தாலுகாவில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதுதான் கடைசி நேரம் வரை பிடிபடவில்லை. கோடையில் ஓசூரை ஏமாற்றும் அதே தெரியாமை டிசம்பரில் ஊத்தங்கரையை மூழ்கடித்தது.

அப்படியானால் முன்னறிவிப்பைப் பார்ப்பதே வீணா? அப்படிச் சொல்லவே மாட்டேன். மழை வாய்ப்பின் சதவீதத்தைப் பயன்படுத்தத் தெரிந்தால் அது பணம். கிருஷ்ணகிரிப் பக்கம் கோடையில் புளி காயப்போடுவார்கள், நனைந்தால் கருத்துவிடும். தார்ப்பாய் போட்டு மூடக் கூலி 300 ரூபாய், நனைந்தால் நட்டம் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நட்டத்தில் இருபதில் ஒரு பங்குதான் கூலி. ஆக மழை வாய்ப்பு 5 சதவீதத்தைத் தாண்டினாலே மூடிவிட வேண்டும். இருபது முறை மூடி ஒரு முறைதான் மழை வந்தாலும் கணக்கு நேர். அதே நாளில் மருந்து தெளிக்க நினைப்பவருக்குக் கணக்கு வேறு, கல்யாணப் பந்தல் போடுபவருக்கு வேறு. 30 சதவீதம் என்றால் அப்படிப்பட்ட பத்து நாட்களில் மூன்றில் பெய்யும். வருமா வராதா என்பதற்கு அவரவர் நட்டம்தான் பதில் சொல்ல வேண்டும். ஐரோப்பிய மையம் ஒரே நாளுக்கு 51 முறை, தொடக்கத்தைச் சற்றே மாற்றி மாற்றி மாடலை ஓட்டுவது இந்தச் சதவீதத்துக்காகத்தான். 51இல் 15 மழை காட்டினால் அது தடுமாற்றம் இல்லை, தகவல்.

நேரத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் முன்னால் பார்த்தால், காற்று ஈரமாக மாறப் போகிறதா என்பது மட்டும் தெரியும். முந்தைய நாள் பார்த்தால் எந்த வட்டாரம் என்று தெரியும். உங்கள் தெரு தெரிய வேண்டுமானால், வானிலைத் துறை மூன்று மணி நேரத்துக்கு வெளியிடும் உடனடி முன்னறிவிப்பும், மின்னலுக்கான தாமினி செயலியும், உங்கள் கண்ணும்தான். இடிச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் முன்னறிவிப்பெல்லாம் முடிந்தது, கூரைக்குள் போய்விடுங்கள், மரத்தடி வேண்டாம். தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜான் போன்றவர்களை இவ்வளவு பேர் நம்புவதற்குக் காரணம், மழை வரும் என்று சொல்லிவிட்டுப் போகாமல் மேகம் நகர நகரக் கூடவே சொல்லிக்கொண்டு வருவது என்பது என் எண்ணம்.

நமக்கு இன்னும் குறைவது அளவுகள். இத்தனை ஆலைகளும், பள்ளிகளும், பூந்தோட்டங்களும் தங்கள் வளாகத்தில் ஒரு மழைமானி வைத்து அளவை வெளியே சொன்னால், தளியிலும் கெலமங்கலத்திலும் பாகலூரிலும் ஒரே மாலையில் எவ்வளவு வித்தியாசம் என்பது சில கோடைகளில் எழுத்தில் வந்துவிடும். அதை வைத்துத்தான் மாடலைத் திருத்த முடியும், ரேடார் கேட்க முடியும். செலவு பெரிதில்லை. பக்கம் நேராக நிற்கும், வாயும் அடியும் ஒரே அகலமுள்ள ஒரு பாத்திரமும் அளவுகோலும் இருந்தாலே தொடங்கலாம். உள்ளே ஒரு மில்லிமீட்டர் நின்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் மழை. சுவரின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி, மரத்தடியில் இல்லாமல் வைக்க வேண்டும். தினமும் காலை 8.30க்குப் பார்த்துத் தேதி போட்டு எழுத வேண்டும், பெய்யாத நாளில் பூஜ்யம் என்று எழுத வேண்டும். கல் விழுந்தால் தொடங்கிய நேரம், நின்ற நேரம், பெரிய கல்லை உருகும் முன் அளவுகோல் பக்கத்தில் வைத்து ஒரு படம். வானிலைத் துறையின் இணையதளத்தில் பொதுமக்கள் இதைப் பதிவுசெய்ய இடம் இருக்கிறது. உங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம் இருக்கிறது? அதற்கு எதிர்மூலையில் வைத்துவிடுங்கள். முதல் மாத அளவு வந்ததும் சூளகிரிக் கணக்கோடு சேர்த்துப் பார்ப்போம்.